ரொறன்ரோவில் நினைவூட்டும் வீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குத் தலைநகராய் விளங்கும் ரொறன்ரோ மாநகருக்குச் செல்லும் பிரயாணிகள் முதலிற் காண விரும்புவன இரண்டு. ஒன்று, 553 மீற்றர் உயர்ந்து நிற்கும் சீ.என். கோபுரம், மற்றொன்று, அந்நகரிலிருந்து சென்று வரக்கூடிய நயாகரா நீர்வீழ்ச்சி. இவ்விரண்டையுங் கண்டு படமும் பிடித்துக்கொண்டு திரும்புவோரே பெரும்பாலார். நகரின் நடுவேயுள்ள ஒரு வீதியிற் சிறிது தூரம் நடந்தால், நோயுற்றோர் துயர் துடைத்த வரலாற்றில் ஓர் அத்தியாயத்தையே வாசித்துவிடலாம் என்பதை அவர்களிற் பலர் அறியார். வாசகர்களை அவ்வீதி வழியே அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதன் பெயர் யூனிவேசிற்றி அவெனியூ. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அகன்று கிடக்கும் பெருவீதி அது. நடுவே பூந்தரைகளும் நினைவுச் சின்னங்களும் அணி செய்ய, இரு மருங்கும் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. வடகோடியிலே, 1893ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பெற்ற மாகாணச் சட்டசபை மாளிகை செந்நிற மணற்கல்லினால் ஆகிக் கம்பீரமாகக் காட்சி தருகின்றது. வீதியின் அடியிலே சுரங்க இரயில் ஓடுகின்றது. கனடாவின் முதலாவது சுரங்க இரயில் 1954ஆம் ஆண்டு இந்நகரிலேதான் ஓடத் தொடங்கியது. யூனிவேசிற்றி அவெனியூவின் கீழ்ச் செல்லும் பாதை 1963இல் திறக்கப்பட்டது. சென்ற் பற்றிக் என்னும் நிலையத்தில் இறங்கினால், பெரியதொரு குழாயின் உள்ளே நிற்பது போன்ற உணர்ச்சி உண்டாகும். நிலத்தைக் குடைந்து அமைத்த அந்நிலையத்தின் சுவர்கள் உருண்டு வளைந்தே இருக்கின்றன.

வைத்தியசாலைகளின் வீதி

படியேறி மேலே வந்தால், அடுத்தடுத்து வைத்தியசாலைகள். சிறுவர் வைத்தியசாலை, மவுன்ற் சைனாய், புற்றுநோய்க்குப் பேர்பெற்ற பிறின்சஸ் மார்கிரற், ரொறன்ரோ பொது வைத்தியசாலை என்பன ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பன போல அருகருகே நிற்கின்றன. இவற்றுள் இறுதியாகச் சொன்ன பொது வைத்தியசாலையிலேதான் 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நீரிழிவினால் மெலிந்து மரண வாயிலில் நின்ற பதினான்கு வயதுச் சிறுவனான லெனாட் தொம்சனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. 11ஆம் திகதி ஏற்றிய மருந்து போதிய அளவு தூய்மையாக இல்லாமையால் பயன் தரவில்லை. மேலும் சுத்திகரித்து 23ஆம் திகதி மீண்டும் ஏற்றியபோது சிறுவன் தேறினான். நீரிழிவு புகாத வீடு அரிதாகிவிட்ட நம் நாட்டார்க்கு இவ்வீதி அந்நியமானதன்று என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதும்.

வீதியைக் கடக்கும்போது இன்னொன்றையுங் கவனிக்கலாம். இந்நகரின் பல சந்திகளில், பாதசாரிகள் அழுத்தும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பச்சை விளக்கு எரியும் வேளையில் ஓர் ஓசை எழுகின்றது. வடக்குத் தெற்காகக் கடப்பதற்குக் குயில் இனத்துப் பறவையின் கூவல். கிழக்கு மேற்காகக் கடப்பதற்கு வேறொரு மெட்டு. கண் பார்வையற்றவர், எத்திசையிற் செல்ல வழி விடப்பட்டிருக்கிறது என்பதைச் செவியினாலே அறிந்து கடக்கிறார். அவர் கையை எவரும் பற்றி இழுப்பதில்லை. "பாவம்" என்று எவரும் சொல்வதுமில்லை. தெருவே அவருக்கு வழி சொல்கின்றது. கண்ணுள்ளோராகிய நாமும் விளக்கின் நிறம் பார்த்துத்தானே கடக்கிறோம்? ஆதலின், சூழல் மனிதனுக்கு வழிகாட்டுதல் புதுமையுமன்று, அதனை ஏற்றுக்கொள்ளுதல் இழிவுமன்று. இக்கருத்தை மனத்திற்கொண்டு 550ஆம் இலக்கக் கட்டடத்தின் முன் வந்து நிற்போம்.

கட்டடத்துள் ஒரு வீடு

இது ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனம். விபத்தினாலும் பாரிசவாதத்தினாலும் முதுமையினாலும் தளர்ந்தோர் மீண்டும் அன்றாட வாழ்வுக்குப் பழகும் இடம். இதன் ஆராய்ச்சிப் பிரிவு இன்று கைற் என்னும் பெயரால் வழங்குகின்றது. 2011ஆம் ஆண்டில் இங்கே பெரிய ஆய்வுகூடங்கள் திறந்து வைக்கப்பட்டன. நிலத்தின் கீழே, எல்லாத் திசையிலும் அசைந்து சாயக்கூடிய பெரிய மேடையொன்று உண்டு. பனிக்கட்டித் தரையுடைய குளிர் அறை, படிக்கட்டு அறை எனத் தனித்தனி அறைகளை அம்மேடைமீது ஏற்றி, மனிதர் எவ்வாறு வழுக்குகிறார்கள், எவ்வாறு தடுமாறுகிறார்கள் என ஆராய்கிறார்கள். விழுந்து அடிபடாவண்ணம் அவர்களைப் பட்டிகளாற் பிணைத்திருப்பர்.

இவற்றிலும் நம் கருத்தைக் கவர்வது 'ஹோம்லாப்' எனப்படும் பகுதி. வைத்தியசாலைக் கட்டடத்தின் உள்ளே சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் அமைந்த ஒரு சிறிய வீடு அது. ஆராய்ச்சியாளர் நின்று கீழே நடப்பதைக் கவனிப்பதற்கு வீட்டின் மேலே நடைபாலம் ஒன்று உண்டு. சாதாரண வீடு போலத் தோன்றும் இவ்வீட்டின் உள்ளே, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத உணரிகள் பொருத்தப்படுகின்றன.

உணரி என்பது யாது? மாணவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். நம் உடம்பு எந்நேரமும் வெப்பத்தை வெளிவிடுகின்றது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் பரவுகின்றது. சில பளிங்குப் பொருள்கள் இக்கதிர் கூடிக் குறையும்போது சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அத்தகைய பளிங்கை அறையின் கூரையிற் பொருத்தினால், ஒருவர் நடமாடும்போது "ஆள் அசைகிறார்" என அது அறிவித்துவிடும். கதவில் ஒரு காந்தமும் நிலையில் ஓர் ஆளியும் வைத்தால், கதவு திறந்ததை அறியலாம். தரைவிரிப்பின் கீழ் அழுத்தத்தை உணரும் தகடு வைத்தால், கட்டிலை விட்டு ஒருவர் எழுந்ததை அறியலாம். கமராவோ இவையெல்லாவற்றிலும் நுட்பமாகக் காணும். ஆனால், காண்பது வேறு, கண்டதன் பொருளை உணர்வது வேறு. இரண்டாவது வேலையைக் கணினி செய்யவேண்டும். அதுதான் கடினம்.

கை கழுவும் கலை

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 57 மில்லியன் மக்கள் மறதி நோய்க்கு ஆளாகியிருந்தனர். இந்நோயின் பல வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906ஆம் ஆண்டு அதனை முதன்முதல் விவரித்த ஜேர்மன் வைத்தியரின் பெயரால் அல்சைமர் எனப்படுகின்றது. மறதி என்றவுடன் பேரப்பிள்ளைகளின் பெயரை மறத்தலையே நாம் எண்ணுகிறோம். அதனினுங் கொடியது ஒன்றுண்டு. அது செயலின் ஒழுங்கை மறத்தல்.

கை கழுவுதலை எண்ணிப் பாருங்கள். குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சவர்க்காரம் பூசுதல், அலம்புதல், குழாயை மூடுதல், துவாயினால் துடைத்தல் என ஆறு படிகள். நமக்கோ அது ஒரே செயல். நோயுற்றவருக்குக் கையில் வலு இருக்கின்றது, தண்ணீர் இருக்கின்றது, சவர்க்காரமும் எதிரே இருக்கின்றது. அடுத்தது என்ன என்பது மட்டும் இல்லை. சவர்க்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறார். அவ்வேளை மகளோ மனைவியோ அருகில் நின்று, "தண்ணியைத் திறவுங்கோ, இப்ப தேயுங்கோ, இனித் துடையுங்கோ" என்று சொல்லவேண்டியிருக்கின்றது. ஒருநாளைக்கு எத்தனை முறை! ஒருகாலத்திற் குடும்பத்தையே வழிநடத்திய தந்தை, குளியலறையுள்ளே தம் மகளின் கட்டளைக்கு ஆட்பட்டு நிற்பதில் இருவர்க்கும் உண்டாகும் கூச்சத்தையும் வேதனையையும் அனுபவித்தவரே அறிவர். பராமரிப்பவரின் பொறுமையும் ஒருநாள் இற்றுப்போகின்றது, குரல் உயர்கின்றது, பின்னர் அதற்காக இரவெல்லாம் வருந்துகிறார்.

இந்த இடத்திலேதான் பேராசிரியர் அலெக்ஸ் மிகைலிடிசும் அவருடைய குழுவினரும் ஒரு கருவியை அமைக்க முற்பட்டனர். அதற்கு இட்ட பெயர் 'கோச்', அஃதாவது பயிற்றுநர். கை கழுவும் தொட்டிக்கு நேர் மேலே ஒரு கமரா. சுவரில் ஒரு திரையும் ஒலிபெருக்கியும். தொடக்ககால அமைப்பிலே, கணினி கையை அடையாளங் காண்பதற்காக நோயாளி ஒரு காப்பை அணியவேண்டியிருந்தது. பின்னர் வந்த அமைப்பில் அது தேவைப்படவில்லை. வெறுங்கையையும் துவாயையும் கணினியே பின்தொடர்ந்து அறிந்துகொண்டது.

நோயாளி தாமாகவே செய்யும்வரை கருவி பேசாது. அவர் தயங்கி நின்றால் முதலிற் சிறு குறிப்பொன்றைச் சொல்லும். அது பயன்படாவிடின் அதே செய்தியை விரிவாகவும் தெளிவாகவுஞ் சொல்லும். அதுவும் பயன்படாவிடின் எவ்வாறு செய்வதென்பதைத் திரையிற் காட்டும். எல்லாம் பொய்த்தபோதுதான் பராமரிப்பவரை அழைக்கும்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு இம்முறை புதியதன்று. கணக்கின் முன் தயங்கி நிற்கும் மாணவனுக்கு உடனே விடையைச் சொல்பவர் நல்லாசிரியர் அல்லர். சிறிது காத்திருந்து, பின் ஒரு சொல்லால் தூண்டி, அதன் பின்னரே வழியைக் காட்டுவர். காத்திருத்தலும் கற்பித்தலின் ஒரு பகுதியே. இதனை இயந்திரத்துக்கு எவ்வாறு ஊட்டினார்கள் என்பதுதான் வியப்பு. கமரா காண்பது எப்பொழுதும் உறுதியானதன்று. கை சவர்க்காரத்தின் மேல் இருக்கின்றதா, அருகில் இருக்கின்றதா என்பதில் ஐயம் எழலாம். ஆகவே கணினி "இவர் இன்ன படியில் நிற்கிறார்" என முடிவுகட்டாமல், "இன்ன படியில் நிற்பதற்கு இவ்வளவு வாய்ப்புண்டு" என நிகழ்தகவாகக் கணக்கிட்டு வைத்திருக்கின்றது. அவருடைய உணர்வு நிலை எத்தகையது, சொன்னால் கேட்கக்கூடியவரா என்பனவற்றையும் அவ்வாறே ஊகிக்கின்றது. பின்பு, பேசுவதால் விளையும் நன்மையையும், வீணாகக் குறுக்கிட்டால் விளையும் தீமையையும் நிறுத்துப் பார்க்கின்றது. பேசாதிருத்தலும் அக்கணக்கிலே தேர்ந்தெடுக்கப்படும் ஒரு செயல்.

இன்னொரு நயமும் உண்டு. சவர்க்காரத்தை முதலில் எடுத்தாலென்ன, தண்ணீரை முதலில் திறந்தாலென்ன? இரண்டுஞ் சரியே. அதனை அறிந்து, வேறு வழியிற் செல்பவரைத் தடுக்காமல் விடும்படியாகவே கருவி அமைக்கப்பட்டது. மனிதராகிய நம்மிற் பலர்க்கு இவ்வளவு பெருந்தன்மை இருப்பதில்லை.

2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மறதி நோயுற்ற ஆறு முதியோர் இக்கருவியோடு கை கழுவினர். நோய் நடுத்தர நிலையில் இருந்தோர், கருவி இயங்கிய நாட்களில், தாமாகச் செய்த படிகள் சராசரியாக நூற்றுக்கு 11 கூடின. பராமரிப்பவர் குறுக்கிட வேண்டிய தடவைகள் நூற்றுக்கு 60 குறைந்தன. ஆறு பேர் என்பது சிறு தொகை. நோய் முற்றியவர்க்கு இத்தகைய துணை பெரிதும் பயன்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் நூற்றுக்கு 60 என்னும் எண்ணை ஒரு வீட்டிலே வைத்துப் பாருங்கள். பத்து முறை எழுந்து செல்லவேண்டிய மகள் நான்கு முறை சென்றாற் போதும். எஞ்சிய ஆறு முறையும் தந்தை தனியாக நிற்கிறார், தம் கையைத் தாமே கழுவுகிறார். அதனுள் இருக்கும் மானத்துக்கு அளவுகோல் இல்லை.

ஹோம்லாப் வீட்டிலே 'எட்' என்னும் நடமாடும் இயந்திரத்தைக் கொண்டும் பின்னர் ஆராய்ந்தார்கள். அல்சைமர் நோயுற்ற முதியோருக்கு அது படிப்படியாகச் சொல்லிக் கை கழுவவும் தேநீர் தயாரிக்கவும் வழிகாட்டியது.

வேறு சில வீடுகள்

இம்முயற்சி ரொறன்ரோவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அற்லான்ரா நகரில் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தார் ஆராய்ச்சிக்கென்றே ஒரு வீட்டைக் கட்டினர். அங்கு எலிசபெத் மைனற் முதலியோர் சமையலறைக்கு ஓர் உபாயம் கண்டனர். சமைத்துக்கொண்டிருப்பவர் தொலைபேசி மணி கேட்டுச் சென்று திரும்பினால், "உப்புப் போட்டேனா?" என்று மயங்குவது இயல்பல்லவா? அவர் கடைசியாகச் செய்த ஆறு செயல்களின் படங்களைச் சித்திரக்கதை போல ஒரு திரை வரிசையாகக் காட்டிற்று. "இதைச் செய்" என்று அது சொல்லவில்லை. "இதுவரை செய்தது இது" என்று காட்டியதோடு அமைந்தது. ஏவுதலுக்கும் நினைவூட்டுதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே நன்கு புலனாகின்றது.

வாஷிங்ரன் மாநிலத்துப் புல்மன் நகரிலே பேராசிரியை டயான் குக் தலைமையில் இயங்கும் குழுவினரோ கமராவை விடுத்து, மேலே கூறிய வெப்ப உணரிகளையும் கதவு உணரிகளையுமே பெரிதும் கையாண்டனர். முகத்தைக் காணாத வீடு அது. ஆனால் அங்கும் ஒரு கேள்வி எழாமலில்லை. முகம் தெரியாவிட்டாலும், எப்பொழுது உறங்கினார், இரவில் எத்தனை முறை கழிப்பறைக்குச் சென்றார் என்பன அக்குறிப்புகளிலிருந்து தெரிந்துவிடும். வீடு நமக்காகக் கவனிக்கின்றதா, நம்மைக் கவனிக்கின்றதா? அக்குறிப்புகள் யார் கையிற் சேரும்? நினைவு தளர்ந்த ஒருவரிடம் நேற்றுப் பெற்ற சம்மதம் இன்றும் சம்மதமாகுமா? இக்கருவிகளை வீட்டுக்குள் அழைக்கும் எந்தக் குடும்பமும் விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்டல் வேண்டும்.

எந்தக் குரல்? எந்த மொழி?

நம்மவர்க்கு இன்னுமொரு கேள்வி உண்டு. 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் ரொறன்ரோவிலும், சிறப்பாக அதன் கிழக்கே உள்ள ஸ்காபரோவிலும் குடியேறினர். அன்று குடும்பத்தோடு சென்றோரிற் பலர் இன்று முதியோர். பிற்காலத்திற் கற்ற மொழி முதலில் நழுவிப்போக, மழலைப் பருவத்து மொழியே எஞ்சி நிற்றல் மறதி நோயாளரிடத்துப் பலகாலும் காணப்படுவது. நாற்பதாண்டு ஆங்கிலம் பேசித் தொழில் செய்தவரும் ஈற்றில் ஊர்த் தமிழுக்கே திரும்பலாம். அவருக்கு ஆங்கிலத்தில் நினைவூட்டும் வீடு, ஊமை வீடே.

தமிழிற் பேசச் செய்தாலும் இடர் தீர்ந்தபாடில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் எவரையும் ஏவலாம். தமிழில் "கழுவு" என்றால் ஒருவகை. "கழுவுங்கோ" என்றால் வேறு. "கழுவுங்கோ ஆச்சி" என்றால் முற்றிலும் வேறு. பேசுபவர் யார், கேட்பவர் அவருக்கு என்ன உறவு என்பதைத் தீர்மானியாமல் தமிழில் ஓர் ஏவல் வாக்கியத்தைச் சொல்லவே முடியாது. ஊரார் "வாத்தியார்" என்று விளித்த ஒருவரை வெறும் பெயர் சொல்லிச் சுவர் அழைத்தால், அவர் துவாயை எறிந்துவிட்டு வெளியேறினும் வியப்பில்லை.

ஆராய்ச்சியாளரும் இதனை உணராமலில்லை. கோச் கருவியை ஆக்கியோருள் ஒருவரான ஜெசி ஹோயி, தாம் யார் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்துக்கு ஏற்பக் குரலும் சொல்லும் மாறவேண்டும் என்னும் கொள்கையைப் பின்னர் ஆராய்ந்தார். ஒருவருக்குப் பணிவான வேண்டுகோள் பயன்படும். இன்னொருவருக்கு உறுதியான கட்டளையே ஆறுதலாகும். நம் மொழியின் மரியாதைப் பன்மையும் உறவுப் பெயர்களும் இவ்வாராய்ச்சிக்கு எத்துணை வளமான விளைநிலம்! கணினியும் மொழியியலும் பயிலும் நம் மாணவர் இத்துறையில் ஈடுபடுவாராயின், அது தமிழுக்கும் தொண்டு, முதியோர்க்கும் தொண்டு. நம் ஆச்சிமாரை எவ்வாறு அழைக்கவேண்டும் என்பதைப் பிற நாட்டு ஆய்வுகூடம் தானாக அறிந்துகொள்ளப் போவதில்லை.

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. அக்கருவி பின்பற்றிய முறையிற் பெரும்பகுதியை, ஒரு சதமுஞ் செலவின்றி, நம் வீட்டிலேயே கைக்கொள்ளலாம். சவர்க்காரத்தையும் துவாயையும் அலுமாரியுள் வைக்காமற் கண்ணெதிரே வையுங்கள். அவற்றின் இடத்தை மாற்றாதீர்கள். ஒரு வேளையில் ஒரு படியை மட்டுஞ் சொல்லுங்கள். சொல்லியபின் காத்திருங்கள். சொல் பயன்படாவிடின் உங்கள் கையாற் செய்து காட்டுங்கள். ஒழுங்கு மாறினாலும் தீங்கில்லையென்றால் திருத்தாதீர்கள். தாமாகச் செய்யக்கூடியதை, நேரமாகின்றது என்னும் காரணத்துக்காக, அவர் கையிலிருந்து பறித்துச் செய்யாதீர்கள்.

இவற்றை ஓர் இயந்திரத்துக்குக் கற்பிக்க அறிஞர் பலர் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். அன்புள்ள மனிதர்க்கு இவை எளிதாய் வரும் என்று நாம் நினைக்கிறோம். களைத்துப் போன மாலைப் பொழுதில் அவை எளிதாய் வருவதில்லை. களைப்பறியாத துணையொன்று அவ்வேளையில் அருகில் நிற்பதற்காகவே யூனிவேசிற்றி அவெனியூவின் 550ஆம் இலக்கக் கட்டடத்தில் இத்தகைய ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. ரொறன்ரோவுக்குச் செல்லும் வாசகர், கோபுரத்தைக் கண்டபின், சென்ற் பற்றிக் நிலையத்தில் இறங்கி அக்கட்டடத்தின் முன்னால் ஒருமுறை நடந்துவிட்டு வருவாராக.